படி வேறு, பாடம் வேறு

1

இணையத்தில் தமிழ் நூல்கள் இல்லையே என்று வருந்திய காலம் போய்விட்டது. இன்று நம்முன் உள்ள சிக்கல் பஞ்சம் அன்று, பெருக்கம். திருக்குறளின் ஓர் அதிகாரத்தின் பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பாருங்கள். பக்கம் பக்கமாக வந்து குவியும். அவற்றுள் பல, ஒன்றிலிருந்து ஒன்று வெட்டி ஒட்டப்பட்டவை. எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்து உள்ளிட்டார்கள், உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற செய்தி பெரும்பாலானவற்றில் இராது. இந்தக் குவியலுள் ஏதோ ஒன்று முதலிடத்தில் வந்து நிற்கும். அந்த ஒன்றே நாளை மாணவரின் கட்டுரையிலும், மறுநாள் ஆய்வேட்டிலும், அதற்கடுத்த நாள் அச்சு நூலிலும் ஏறும். அதைத் தேர்ந்தவர் யார்? பதிப்பாசிரியர் எவரும் இல்லர். தளம் நடத்துவோரும் இல்லர். ஓர் இயந்திரம்.

என் வகுப்பில் சங்கப் பாடல் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், வரும் தாள்கள் பலவற்றில் அப்பாடல் ஒரே இடத்தில் ஒரே வகையில் பழுதுபட்டு வருகிறது. ஓரடி விடுபட்டிருக்கும், அல்லது லகரமும் ளகரமும் மயங்கி, பொருளே திரிந்திருக்கும். பாடநூலில் அந்தப் பழுது இல்லை. நூலகத்தில் உள்ள எந்தப் பதிப்பிலும் இல்லை. பல சுவடிகளில் ஒரே பிழை காணப்பட்டால், அவை ஒரு தாய்ச் சுவடியிலிருந்து பிறந்தவை என்று பதிப்பாய்வாளர்கள் கொள்வார்கள். அதே முறையில் என் மாணவர்களின் தாள்களுக்கும் ஒரு குடிவழி வரைந்துவிடலாம். அந்தக் குடிவழியின் தலையில் இருப்பது தேடுபொறி முதலில் காட்டிய பக்கம்.

இதற்கு இயந்திரத்தை வைது பயனில்லை. நான் குற்றம் சாட்ட வந்தது நம்மவர்களை: தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிக் காப்பவர்களை, அவற்றைப் படியெடுத்துத் தம் தளத்தில் இடுபவர்களை, இது கணினிக்காரர் வேலை என்று ஒதுங்கி நிற்கும் தமிழாசிரியர்களை. இயந்திரத்திடம் நம் தீர்ப்பைச் சொல்வதற்கு ஒரு வழி இருந்தும் நாம் வாய் திறக்கவில்லை. அங்கங்கே திறந்த சிலரும் தவறாகச் சொல்லிவைக்கிறார்கள்.

2

அந்த வழியின் வரலாறு சுருக்கமானது. 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒன்றுசேர்ந்து ஓர் எளிய ஏற்பாட்டை அறிவித்தன. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் கிடந்தால், ஒவ்வொரு படியின் தலைப்பகுதியிலும் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஒற்றை வரியில் ‘இப்பக்கத்தின் முதன்மை முகவரி இன்னது’ என்று எழுதிவைக்கலாம். அதற்குக் கேனானிகல் குறி என்று பெயர். அவ்வாண்டு டிசம்பரிலேயே, ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்தின் பக்கத்தைச் சுட்டினாலும் ஏற்போம் என்று கூகுள் அறிவித்தது. 2011இல், தலைப்பகுதி எழுத இடமில்லாத பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்கும் இது நீண்டது. கோப்பை அனுப்பும் வழங்கியே அச்செய்தியையும் சேர்த்து அனுப்பலாம். 2012 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6596 என்ற எண்ணுடன் இணையத் தொழில்நுட்ப ஆவணங்களுள் ஒன்றாகவும் வெளிவந்தது.

குறியைக் கண்ட தேடுபொறி என்ன செய்யும்? ஒன்றுபோல் இருக்கும் பக்கங்களை ஒரு கூட்டமாகச் சேர்க்கும். அக்கூட்டத்தின் சார்பில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து அதையே முடிவுகளில் காட்டும். பிற பக்கங்களுக்கு வெளியிலிருந்து கிடைத்த சுட்டிகளின் மதிப்பையும் அந்த ஒன்றின் கணக்கில் சேர்க்கும். எதைத் தேர்வது என்பதற்கு அது பார்க்கும் தடயங்கள் பல. திருப்பங்கள், தள வரைபடம், உள்சுட்டிகள், பாதுகாப்பான இணைப்பு ஆகியவற்றோடு நாம் எழுதிய குறியும் ஒரு தடயம், வலுவான தடயம். ஆனால் கட்டளை அன்று. கூகுள் தள உரிமையாளர்களுக்குக் காட்டும் அறிக்கையில் ‘நகல், நீங்கள் சொன்னதை விடுத்து வேறொன்றைக் கூகுள் தேர்ந்தது’ என்ற பொருளில் ஒரு வகைமையே உண்டு.

இக்குறியைத் தமிழில் சிலர் ‘மூலச் சுட்டி’ என்கிறார்கள். இச்சொல்லாட்சியை நான் வன்மையாக மறுக்கிறேன். கேனான் என்ற கிரேக்கச் சொல் அளவுகோலைக் குறித்தது. பின்னர் விதியையும், ஏற்கப்பட்ட நூல்தொகுதியையும் குறிக்கலாயிற்று. அளவுகோல் என்ற பொருளில் ‘இதுவே மூலம்’ என்ற உரிமைப் பேச்சு இல்லை. ‘இதை வைத்து அளந்துகொள்க’ என்ற ஏற்பாடு மட்டுமே உண்டு. குறியின் பணியும் அதுதான். எது முதலில் எழுதப்பட்டது, எது செம்மையானது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றேபோல் இருப்பவற்றுள் எதைப் பேராளாகக் கொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. ஆகவே ‘முதன்மைச் சுட்டு’ என்பதே தகும். சொல்லில் என்ன இருக்கிறது என்பார்கள். பிழையான சொல் பிழையான பயன்பாட்டுக்கு வழி திறக்கும். மூலம் என்று சொல்லிப் பழகியவர், தம் பக்கத்தை உயர்ந்ததென்று நிறுவ இதைக் கருவியாகக் கொள்வார். அதற்கு இது உதவாது.

3

முதலில் நம் வீட்டுக் குப்பையைப் பார்ப்போம். ஒரே தளத்துக்குள் ஒரே பக்கம் பல முகவரிகளில் கிடப்பது எல்லா மொழியினருக்கும் பொதுவான நோய். முகவரியின் முன்னால் மூன்று ‘டபிள்யூ’ இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று, அச்சிடுவதற்கென ஒன்று, வாலில் கேள்விக்குறியும் எண்களும் ஒட்டிக்கொண்டு ஒன்று. வேண்டாத முகவரிகளை நிரந்தரமாகத் திருப்பிவிடலாம். இருந்தாக வேண்டியவற்றுக்கு முதன்மைச் சுட்டு எழுதலாம். இதில் விரித்துரைக்க ஏதும் இல்லை.

தமிழுக்கே உரிய நோய்கள் இரண்டு உண்டு. அவற்றை நாம்தான் பார்க்க வேண்டும். வேறு எவரும் பார்க்க மாட்டார்கள்.

ஒன்று, குறியேற்றம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டது, பின்னர் ஒருங்குறியில் வெளியிட்டது, பிடிஎஃப் கோப்பாகவும் வெளியிட்டது. அக்காலத் தேவை அது. உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் கையால் உள்ளிட்ட அந்த நூல்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் ஒரு நூல் மூன்று உருவில் இருக்கையில், நமக்கு அவை ஒரே நூல். திஸ்கி உருவமோ இயந்திரத்துக்குத் தமிழே அன்று, மேலே கீழே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். அது ஒருங்குறிப் பக்கத்தின் உடன்பிறப்பு என்பதை மனிதர் சொன்னால்தான் உண்டு. திஸ்கிக் கோப்புகளை இன்னும் வைத்திருக்கும் எந்தத் தளமும் அவற்றிலிருந்து ஒருங்குறிப் பக்கத்துக்குச் சுட்டு எழுதுவது கடமை.

மற்றொன்று, உயிர்மெய். ஒருங்குறியில் ‘கொ’ என்பதை இரு வகையில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாகச் சேர்க்கலாம். இவ்விரண்டும் சமம் என்று ஒருங்குறி விதியே சொல்கிறது. கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் முகவரிக்குள் அவ்வெழுத்து வரும்போது முதல் வடிவம் ஆறு பைட்டு, இரண்டாவது ஒன்பது பைட்டு. இரண்டையும் திறந்துவிடும் தளத்தில் ‘தொல்காப்பியம்’ என்ற ஒரே பக்கம் இரண்டு முகவரிகளில் நிற்கும். ஔகாரத்தில் கதை இன்னும் மோசம். ஔகாரக் குறியின் இறுதிப் பகுதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே ஒகரத்தோடு ளகரத்தைத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதுவோர் பலர். இதை ஒருங்குறி விதி சமம் என்று கொள்ளாது. ஔவையாரைத் தேடிப் போனவருக்கு ஒளவையார் தனியாகவும் ஔவையார் தனியாகவும் கிடைப்பது இதனால்தான். தளத்தின் நிரல் எழுத்துகளைச் சீராக்க வேண்டும். சீராக்க முடியாத பழைய முகவரிகள் ஒன்றையே முதன்மையாகச் சுட்ட வேண்டும். எத்தனை தமிழ்த் தளங்கள் இதைச் செய்கின்றன? தமிழ் எழுத்தின் இயல்பை அறியாத நிரலாளர் இதைச் செய்யார். நிரலை அறியாத தமிழாசிரியர் இப்படி ஒன்று இருப்பதையே அறியார்.

4

இனிச் சொல்லப்போவதே கட்டுரையின் உயிர்நிலை.

இரண்டு பக்கங்கள் ஒன்றே என்பதை இயந்திரம் எவ்வாறு முடிவு செய்கிறது? 1997இல் ஆண்ட்ரே பிராடர் ஒரு முறையை வெளியிட்டார். பக்கத்திலுள்ள சொற்களை, அடுத்தடுத்த சில சொற்கள் கொண்ட துண்டங்களாக, ஓட்டு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுக்க வேண்டும். இரண்டு பக்கங்களுக்கும் பொதுவான துண்டங்கள் மிகுதியாக இருந்தால் அவை ஏறத்தாழ ஒன்று. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை வேறொரு முறையைச் சொன்னது. ஒவ்வொரு பக்கத்தையும் 64 பிட்டுக் கைரேகையாகச் சுருக்கலாம். இரண்டு கைரேகைகள் 3 பிட்டு வரை வேறுபட்டாலும் அவற்றை ஒரே பக்கத்தின் படிகளாகக் கொள்ளலாம் என்றது. 800 கோடிப் பக்கங்களைக் கையாளும் பொறிக்கு வேறு வழி இல்லை. அதை நான் பழிக்கவில்லை.

ஆனால் இந்த அளவுகோலைப் பழந்தமிழ் நூலின்மேல் வைத்துப் பாருங்கள். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்தார். இரண்டுக்கும் இடையிலுள்ள பாட வேறுபாடுகள் இங்கொரு சொல், அங்கொரு எழுத்து என்ற அளவில் அமைந்தவை. அந்த ஒரு சொல்லுக்காகச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர் சாமிநாதையர். கிடைத்த பிரதிகளையும் அவற்றை அளித்தவர்களையும் முகவுரையில் பட்டியலிட்டு, பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் தந்தவர். நூல் முழுவதையும் ஒரே பக்கமாக ஏற்றி, இந்தப் பதிப்பையும் அந்தப் பதிப்பையும் அருகருகே வைத்தால் துண்டக் கணக்கு என்ன சொல்லும்? ஏறத்தாழ ஒன்று, ஒன்றைக் காட்டு, மற்றதை மறை. தமிழ்ப் பதிப்பியலின் உழைப்பு முழுவதும் எந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறதோ, அது இயந்திரத்தின் கணக்கில் புறக்கணிக்கத் தக்க மிச்சம்.

திருக்குறளை எடுத்துக்கொள்வோம். மணக்குடவர் கொண்ட குறள் வரிசையும் பரிமேலழகர் கொண்ட வரிசையும் பல அதிகாரங்களில் வேறு. ஓர் அதிகாரத்தின் பத்துக் குறள்களுக்குள் எதை அடுத்து எது வருகிறது என்பதில் உரையாசிரியரின் பொருள்கோளே இருக்கிறது. துண்டக் கணக்குக்கோ குறள்கள் அவையே, சொற்கள் அவையே, ஆகவே பக்கம் ஒன்றே.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. மர்ரே எஸ். ராஜம் 1950களில் அறிஞர் குழுவைக் கொண்டு பழைய நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். சந்தி பிரிக்காத பழைய பதிப்பையும் சந்தி பிரித்த பதிப்பையும் இயந்திரத்தின்முன் வைத்தால், சொல்லின் எல்லைகளே மாறிவிடுவதால் பொதுத் துண்டங்கள் அருகிவிடும். இவை இரண்டு வேறு நூல்கள் என்று அது கருதும். பாடத்தில் ஒன்றாக இருப்பவை அதற்கு இரண்டு; பாடத்தில் இரண்டாக இருப்பவை அதற்கு ஒன்று. நம் கண்ணும் அதன் கண்ணும் இவ்வளவு தலைகீழாக நிற்கும் இடத்தில், ‘தேடுபொறி பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்வோரை என்னவென்பது?

படி என்பது ஒரு பாடத்தின் மறு எழுத்து. பாடம் என்பது ஒரு சான்றின்மேல் ஒருவர் எடுத்த முடிவு. படிகள் ஆயிரம் இருந்தாலும் அவற்றை ஒன்றின் பின்னே நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். பாடங்கள் இரண்டே இருந்தாலும் ஒன்றை மற்றொன்றின் பின்னே நிறுத்தக் கூடாது. முதன்மைச் சுட்டு படிகளுக்கானது. ஒன்றேயான அல்லது மிக நெருங்கிய பக்கங்களுக்கே இதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் தேடுபொறி நிறுவனங்களும் சொல்கின்றன. எது ஒன்று, எது நெருக்கம் என்பதை முடிவு செய்யும் தகுதி பதிப்பியல் அறிந்தவருக்கு உண்டு. அத்தகுதியை அவர் பயன்படுத்தாமல் விட்டால், 64 பிட்டு பயன்படுத்திக்கொள்ளும்.

ஆர்வ மிகுதியால் எதிர்த்திசையில் தவறுவோரும் உள்ளனர். ஐந்து பாகங்கள் கொண்ட பொன்னியின் செல்வனை அத்தியாயம் அத்தியாயமாக ஏற்றிவிட்டு, எல்லா அத்தியாயங்களிலும் பொருளடக்கப் பக்கத்தைச் சுட்டிவிடுகிறார்கள். ‘என் அத்தியாயங்கள் எல்லாம் பொருளடக்கத்தின் படிகள்’ என்று அவர்களே இயந்திரத்திடம் வாக்குமூலம் கொடுக்கிறார்கள். வாக்குமூலத்தை நம்பினால் நாவல் மறையும், பட்டியல் மிஞ்சும். தொடர் பக்கங்கள் எல்லாவற்றையும் முதற்பக்கத்துக்குச் சுட்டுவது தவறு என்று 2013இலேயே கூகுள் எச்சரித்திருக்கிறது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் இப்படி இணைப்பதும் இவ்வகைத் தவறே. மொழிபெயர்ப்பு படி அன்று.

5

இதை நான் நண்பர்களிடையே பேசும்போதெல்லாம் எழும் மறுப்புகள் நான்கு.

முதல் மறுப்பு: பழந்தமிழ் நூல் பொதுச் சொத்து, யாரும் படியெடுக்கலாம், இதில் முதன்மை என்ன, துணைமை என்ன? படியெடுப்பதை நான் எதிர்க்கவில்லை. படியெடுத்ததால்தான் நூல்கள் பிழைத்தன. ஆனால் படியெடுத்த நம் முன்னோர் எப்படி எடுத்தார்கள்? ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்துவைத்தார்கள். மதுரைத் திட்டம் தன் மின்னூல்களின் முகப்பில் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைத் தந்து, இந்த முகப்பைச் சிதைக்காமல் வைத்துக்கொண்டு தாராளமாகப் பரப்புங்கள் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. காசு கேட்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. அந்த முகப்பைத்தான் நம்மவர்கள் முதல் வேலையாக வெட்டி எறிகிறார்கள். நூல் பொதுச் சொத்துத்தான். உள்ளிட்டவரின் உழைப்பை மறைக்கும் உரிமை யாருக்கும் பொதுச் சொத்தாக வழங்கப்படவில்லை. பாரதியின் படைப்புரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அது மக்களுக்கே உரியதாயிற்று. அதனால் பாரதிக்குப் பதிப்பாசிரியரே வேண்டாம் என்றா ஆகிவிட்டது? சீனி. விசுவநாதன் பல பத்தாண்டுகள் உழைத்துக் காலவரிசைப் பதிப்பைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுவில் உள்ளதற்கே பொறுப்பு மிகுதியாக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு: திருடுபவன் குறி எழுதுவானா? எழுத மாட்டான். முதன்மைச் சுட்டு, தன்னைப் படியென்று ஒப்புக்கொள்ளும் பக்கம் எழுதுவது. அது நேர்மையாளருக்கான கருவி. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதன்மைப் பக்கம் தன்னைத்தானே சுட்டிக்கொள்ளலாம். பக்கத்தை அப்படியே சுருட்டிச் செல்லும் தானியங்கிக் கள்வர்கள் பெரும்பாலும் தலைப்பகுதியைப் படித்துப் பார்ப்பதில்லை. அந்தச் சுட்டும் சேர்ந்தே போகும். போன இடத்தில் நின்று ‘என் முதன்மை முகவரி அங்கே’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். நமக்கு இது புதிதா? ஞானசம்பந்தர் பதிகத்தின் கடைக்காப்பில் தம் பெயரை வைத்தார். பதிகத்தைப் படியெடுத்தவர் யாராயினும் அப்பெயரையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும். யாப்புக்குள் பெயரை வைத்துக் காத்த மரபில் வந்தவர்கள், பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதச் சோம்புகிறோம்.

மூன்றாவது மறுப்பு: இது எல்லாம் வணிகத் தளங்கள் முதலிடம் பிடிக்கச் செய்யும் வித்தை, இலக்கியத்துக்கு ஏன்? வணிகர்கள் கையாள்வதால் ஒரு கருவி இழிந்துவிடாது. அச்சும் வணிகர்கள் கையில் இருந்ததுதான். இதே அணியினர் சிலர், நகல் பக்கம் வைத்தால் தேடுபொறி தண்டிக்கும் என்றும் அச்சுறுத்துகிறார்கள். அதுவும் உண்மை அன்று. ஏமாற்றும் நோக்கம் இல்லாத நகலுக்குத் தண்டனை இல்லை என்று 2008இலேயே கூகுள் விளக்கிவிட்டது. நடப்பது தண்டனை அன்று, தேர்வு. பலவற்றுள் ஒன்று காட்டப்படும், பிற பின்தள்ளப்படும். தண்டனைக்கு அஞ்சி இதைச் செய்ய வேண்டா. தேர்வில் நம் குரல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்ய வேண்டும்.

நான்காவது மறுப்பு வலுவானது. நாளைக்கே நிறுவனங்கள் விதியை மாற்றினால் என்ன செய்வீர்கள்? மாற்றத்தான் செய்கின்றன. 2009இல் தளம் கடந்த சுட்டை வரவேற்ற கூகுள், 2023இல் மறுவெளியீடு செய்யும் பங்காளித் தளங்களுக்கு அது பொருத்தமன்று, அவை தம் படியைத் தேடலில் சேர்க்காமல் தடுப்பதே நலம் என்று தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. பக்கத்தைச் சூழ்ந்த பிற பகுதிகள் பெரிதும் வேறுபடுவதால் சுட்டு பல நேரங்களில் பயன்படாமல் போகிறது என்பது அதன் விளக்கம். ஆகவே இயந்திரத்துக்குக் குறி எழுதிவிட்டு அமைதி அடைய முடியாது. கண்ணுக்குத் தெரியாத குறியோடு, கண்ணுக்குத் தெரியும் குறிப்பும் வேண்டும். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, யார் உள்ளிட்டது, எங்கிருந்து எடுத்தது: நான்கே வரி. விதிகள் மாறலாம், நிறுவனங்கள் மறையலாம். மனிதர் படிக்கும் அந்த நான்கு வரி நிற்கும்.

இன்று இதன் அவசரம் கூடியிருக்கிறது. வினாவுக்கு விடையாக வாக்கியங்களையே தொகுத்துத் தரும் மொழி இயந்திரங்கள் இணையத்தின் இதே குவியலிலிருந்துதான் தமிழைக் கற்கின்றன. கற்பிப்பதற்குமுன் குவியலில் உள்ள நகல்களைக் களைந்து ஒன்றை வைத்துக்கொள்வது அத்துறையில் வழக்கமான பணி. வைத்துக்கொண்ட ஒன்று ஓரடி விடுபட்ட பாடலாக இருந்தால், விடுபட்ட அடியே இல்லாத பாடலை அது கற்கும். அப்போது என் மாணவரின் தாளில் வரும் பிழைக்கு முகவரியும் இராது. இன்று குடிவழியாவது வரையலாம். நாளை அதுவும் முடியாது.

6

ஆகவே தமிழ் நூல்களை இணையத்தில் வைத்திருக்கும் அனைவரிடமும், அரசு அமைப்பாயினும் தனியொருவர் ஆயினும், சில கோரிக்கைகளை வைக்கிறேன்.

உங்கள் தளத்தின் ஒவ்வொரு நூற்பக்கமும் தன் முதன்மை முகவரியை முழுமையாக, ஒரே ஒருமுறை, தலைப்பகுதியில் சொல்லட்டும். இரண்டு இடங்களில் இரண்டு முகவரிகளைச் சொன்னால் இரண்டும் தள்ளப்படும். உடற்பகுதியில் எழுதினால் கண்டுகொள்ளப்படாது. தேடுபொறி நுழையக் கூடாது என்று தடுத்துவைத்த பக்கத்தில் குறி எழுதுவது, பூட்டிய அறைக்குள் அறிவிப்புப் பலகை மாட்டுவதாகும். உள்ளே வராத இயந்திரம் அதை எங்ஙனம் படிக்கும்?

பிற தளத்திலிருந்து எடுத்து இட்டவர்கள், எடுத்த இடத்தைப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். நீங்கள் எதையும் திருத்தவோ சேர்க்கவோ இல்லையென்றால், உங்கள் படியிலிருந்து அந்தப் பக்கத்துக்கு முதன்மைச் சுட்டும் எழுதுங்கள். அல்லது உங்கள் படியைத் தேடலிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வாசகர் உங்கள் தளத்தில் தொடர்ந்து படிக்கலாம். நீங்கள் இழப்பது, உங்களுடையதல்லாத ஒரு முதலிடம். அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுத் திருத்தியிருந்தால், என்ன திருத்தினீர்கள் என்று சொல்லிவிட்டு உங்களையே சுட்டிக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் படியெடுப்பவர் அல்லர், பதிப்பாளர். அந்தப் பெயருக்குரிய பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு பதிப்புகளை, சந்தி பிரித்ததையும் பிரிக்காததையும், மணக்குடவர் வரிசையையும் பரிமேலழகர் வரிசையையும் ஒருபோதும் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சுட்டாதீர்கள். ஒவ்வொன்றும் தன் முகவரியில், தன் பதிப்புக் குறிப்போடு, தனித்து நிற்கட்டும். பக்கத்தின் தலைப்பிலேயே பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். முகவுரையையும் அடிக்குறிப்பையும் விடாமல் ஏற்றுங்கள். அவை கூடக்கூட இரண்டு பக்கங்களும் இயந்திரத்தின் கண்ணிலும் வேறுபட்டுத் தோன்றும். இங்கே பதிப்பியலின் ஒழுக்கமும் தேடலின் நலமும் ஒரே திசையில் செல்கின்றன. பாட்டை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை எறிவோர் இரண்டையும் ஒருசேரக் கெடுக்கிறார்கள்.

என் துறையினருக்கு ஒரு சொல். ஆய்வேட்டில் இணையப் பக்கத்தை மேற்கோளாக ஏற்கும் நாம், அப்பக்கம் எந்தப் பதிப்பின் படி என்று மாணவரைக் கேட்பதில்லை. இனிக் கேட்போம். விடை இல்லாத பக்கத்தை மேற்கோளாக ஏற்க மறுப்போம். பதிப்பியல் தாளில் சுவடியையும் அச்சையும் பற்றிச் சொல்லித்தருகிறோம். முகவரியையும் குறியேற்றத்தையும் முதன்மைச் சுட்டையும் அதே தாளில் சேர்ப்போம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எழுத்ததிகாரம் நடத்துகிறவர் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, அரசாணை வேண்டியதில்லை. பக்கத்துக்கு ஒரு வரி குறி, நான்கு வரி குறிப்பு. சுவடி எழுதியவர்கள் எழுத்தாணியால் செய்ததை நாம் விசைப்பலகையால் செய்யத் தவறினால், தமிழ் நூல்களின் பாடத்தை முடிவு செய்யும் பொறுப்பைத் தமிழ் படிக்கத் தெரியாத ஒன்றிடம் நாமே எழுதிக்கொடுத்தவர்கள் ஆவோம்.